எல்லாரும் வந்தாச்சு

மனைவியின் தம்பி பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது ரிம்புவின் ஊர் வழக்கம். சொன்னால் பல் கொட்டிவிடும் என்பார்கள். பல் கொட்டுகிறதோ இல்லையோ, மரியாதை கொட்டிப்போகும் என்பது நிச்சயம். அதனால் சர்வே முகாமில் சாயங்காலம் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வரும் ரிம்பு, மச்சான் ரொபாசியின் முறை வந்ததும் ஒரு இருமல் இருமுவான்.

"இங்கதான் இருக்கேன் மச்சான். இருமல் நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுது, மருந்து கிருந்து சாப்பிடுங்க" என்று ரொபாசி எங்கிருந்தாவது குரல் கொடுப்பான். தினமும் அதே பேச்சுதான். ஆனாலும் ஆட்கள் தினமும் சிரிப்பார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சாலை போடுவதற்காக அவர்கள் காட்டில் நேர்கோடாகப் பாதை வெட்டி, வழிநெடுக முளைக்கட்டைகளை அடித்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்புக்கல் மலை. மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று பாசி மெத்தை விரித்ததுபோல இருக்கும். அதற்கடியில் எங்கே கல், எங்கே பொந்து என்று கண்ணுக்குத் தெரியாது. கிணறு மாதிரி இறங்கும் பொந்துகளைப் பாசியும் காய்ந்த இலையும் மூடிவைத்திருக்கும். கால் வைத்தவன் கையைத் தூக்குவதற்குள் உள்ளே போயிருப்பான்.

ஆகவே முகாமில் சில கட்டளைகள் இருந்தன. வெட்டிய பாதையை விட்டு விலகக்கூடாது. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போகவேண்டும். இருட்டுமுன் ஒவ்வொருவனும் தன் வாயாலேயே பதில் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் ரேடியோவில் 'எல்லாரும் வந்தாச்சு' என்று சொல்லலாம். அந்தச் சொல்லை இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஹேகன் நகரத்து அலுவலகத்தில் மேலதிகாரி ஹெனாவோ அக்கா. மலையடிவாரத்து மிஷன் ஊரில் உபதேசியார் எலியாப். ஆள் ஒன்று குறைகிறது என்று தெரிந்தால், எலியாப் அந்த ஊர் ஆட்களோடு தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஏறிவந்துவிடுவார். மலையில் எந்தப் பொந்து எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். எல்லாரும் வந்தாச்சு என்று கேட்டால், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிடுவார். அவருடைய பாட்டரி பழசு. காலை ஜெபம் முடிந்துதான் மறுபடி உயிர்வரும்.

இந்தக் கட்டளைகளை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே ரிம்புதான். சர்வே கூட்டத்துக்கு அவன் தலைவன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்கிறவனும் அவன்தான்.

ஒருநாள் காலையில் ஓர் ஓடையைக் கடக்கவேண்டியிருந்தது. குறுக்கே ஒரு மரம் விழுந்துகிடந்தது. மழையில் ஊறி வழவழவென்று இருந்தது. மற்றவர்கள் கைகளை விரித்துக்கொண்டு நடந்து போய்விட்டார்கள். ரிம்புவுக்குப் பாதியில் கால் வழுக்கியது. உயிர் பெரிதா கௌரவம் பெரிதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, மரத்தின்மேல் உட்கார்ந்து, பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து அக்கரை சேர்ந்தான். புத்திசாலித்தனம்தான். ஆனால் பார்க்க நன்றாயில்லை.

மத்தியானம் பிஸ்கெட்டும் டின் மீனும் தின்றுகொண்டிருந்தபோது ரொபாசி ஒரு கட்டையில் ஏறி உட்கார்ந்தான். கண்ணை உருட்டினான். கன்னத்தை உப்பினான். "ஆண்டவரே, இந்த ஒரு தடவை காப்பாத்து, ஞாயித்துக்கிழமை ரெண்டு ஜெபமா சொல்றேன்" என்று ரிம்புவின் குரலிலேயே சொல்லிக்கொண்டு பின்பக்கத்தால் நகர்ந்தான். ஆட்களுக்குத் தின்ற பிஸ்கெட் மூக்கில் ஏறியது. ரிம்புவின் வலக்கை போன்ற வாபியாகூடத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

ரிம்புவும் சிரித்தான். சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, உள்ளே ஒன்று சுருண்டு படுத்துக்கொண்டது. மச்சான்மார் ஒருவரையொருவர் கேலி செய்வதில்லை. கேலிக்கு அப்பாற்பட்ட உறவு அது. பெயரைக்கூடச் சொல்லாமல் நான் மரியாதை காக்கிறேன், இவன் என் ஜெபத்தை எடுத்து மரக்கட்டையில் தேய்க்கிறானே என்று நினைத்தான். நினைக்க நினைக்க அது வளர்ந்தது.

சாயங்காலம் முகாமுக்குத் திரும்பும் வழியில் பார்த்தால் கண்ணாடிக் கம்பைக் காணோம். அளவைக் கருவி குறிபார்ப்பதற்காக ஒருவன் தூரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்தக் கம்பு. அதைச் சுமப்பது ரொபாசியின் வேலை.

"கடைசி முளைகிட்ட மரத்துல சாச்சுவச்சேன் மச்சான். பீடி பத்தவச்சேனா, மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தான் ரொபாசி.

"போய் எடுத்துட்டு வா."

"நாளைக்கு அங்கதான போறோம். கம்புக்குக் கால் முளைச்சு ஓடிடுமா?"

"எடுத்துட்டு வான்னு சொன்னேன்."

வாபியா தன் சுமையை இறக்கினான். "நான் கூடப் போறேன். மூடுபனி இறங்குது, தனியா வேணாம்."

அப்போது ரிம்பு குத்தலாக ஒன்று சொன்னான். "எதுக்கு? இவனுக்குத்தான் ரெண்டு ஆளுக்கு வேண்டிய வாய் இருக்கே. ரெண்டு பேர் போன கணக்குதான். தனியாவே போகட்டும்."

ஆட்கள் சிரித்தார்கள். மத்தியானத்துச் சிரிப்புக்கு இது சரியாகப் போயிற்று என்று ரிம்புவுக்குத் தோன்றியது. ரொபாசியும் சிரித்தான். ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் சிரித்தான். பிறகு மூடுபனிக்குள் போனான். அவன் முதுகுப் பை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

மழை வந்தது. முகாமில் தீ மூட்டினார்கள். வெளிச்சம் சாம்பல் நிறமாகி, ஆள் கணக்கெடுக்கும் வேளை வந்தது. ரிம்பு பெயர்களைக் கூப்பிட்டான். வாபியா இருக்கேன் என்றான். அடுத்தவன் இருக்கேன் என்றான். ரொபாசியின் முறை வந்தது. ரிம்பு இருமினான்.

பதில் வரவில்லை.

வராது என்று ரிம்புவுக்குத் தெரியும். தீக்குப் பக்கத்தில் மச்சான் உட்காருகிற இடம் காலியாக இருந்ததையும் அவன் கண் பார்த்துவிட்டது. பார்த்த கண்ணை அவன் வேறு பக்கம் திருப்பினான். பீடிக்காரன் எங்கேயாவது மரத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருப்பான். இப்போது ஆள் குறைகிறது என்று சொன்னால், ஏன் தனியாகப் போனான் என்று ஹெனாவோ அக்கா கேட்பாள். மலையடிவாரத்து ஆட்கள் மழையில் ஏறிவருவார்கள். அவர்கள் மூச்சுவாங்க வந்து சேரும்போது ரொபாசி கம்பும் கையுமாக வந்து நின்று, அவர்கள் முன்னாலும் ஒரு கூத்துக் கட்டுவான். கொஞ்ச நேரத்தில் வந்துவிடப்போகிறவனுக்காக எதற்கு அதெல்லாம்?

ரேடியோவை எடுத்தான். "எல்லாரும் வந்தாச்சு" என்றான்.

"சந்தோஷம். நல்லாத் தூங்குங்க" என்றாள் ஹெனாவோ. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் எலியாப். அந்தப் பக்கம் ஒரு சிறிய ஓசையோடு அடங்கியது.

வாபியா ரிம்புவைப் பார்த்தான். "ரொபாசி இன்னும்..."

"வந்துருவான்."

"ரேடியோல வந்தாச்சுன்னு சொல்லிட்ட."

"வந்துருவான்னு சொல்றேன்ல."

கிழங்கு வெந்தது. ரிம்பு ஜெபம் சொல்லத் தொடங்கினான். 'எங்கள் எல்லாரையும் பத்திரமாய்க் கூட்டிச் சேர்த்ததற்காக' என்று தினமும் சொல்வது அன்றும் பழக்கத்தில் நாக்குக்கு வந்துவிட்டது. 'எங்கள் எல்லாரையும்' என்பதற்குமேல் நகரவில்லை. ஆமென் என்று முடித்துவிட்டான். ஆட்களும் ஆமென் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவன் ரேடியோவில் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான். ஹேகன் அலுவலகம் பூட்டியாயிற்று. எலியாப் அணைத்துவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதற்குக் கேட்பார் இல்லை. இருட்டில் அந்தப் பாசிமேல் ஆட்களை அனுப்புவது ஒன்றுக்குப் பதில் நான்கு பேரைப் புதைப்பது மாதிரி. ரொபாசியின் தட்டில் வைத்த கிழங்கு அப்படியே இருந்தது. மழை விடியும்வரை நிற்கவில்லை. ரிம்பு கண்ணை மூடவில்லை.

கிழக்கு வெளுத்ததும் கயிறு, பலகை, ரேடியோ, போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெட்டிய பாதையை விட்டு விலகாமல் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். "ரொபாசீ" என்று வாபியா கூப்பிட்டான். மற்றவர்கள் கூப்பிட்டார்கள். ரிம்பு 'மச்சான்' என்று கூப்பிட்டான். மலையில் எத்தனை பேருக்கு எத்தனை மச்சான்மார்! அந்தச் சொல் யார்மேலும் போய் விழாமல் மூடுபனியில் கரைந்தது.

கடைசி முளை இருந்த இடத்தில் முளை இல்லை. பிடுங்கிய குழி மட்டும் இருந்தது. அதற்கு முந்திய முளையும் இல்லை. கண்ணாடிக் கம்பு சாத்திய மரத்திலேயே இருந்தது. கம்பை எடுக்கக்கூட அவன் வந்து சேரவில்லை. முளைகள் இல்லாததால் பாதை தெரியாமல், மூடுபனியில் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறான்.

ரிம்பு கைகளை வாயில் குவித்தான். "ரொபாசி" என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். கூட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எவனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கத்தாதீங்கப்பா. காதிருக்கு" என்றது ஒரு பெண் குரல். "விடிஞ்சப்புறம் இப்பதான் கொஞ்சம் கண்ணசந்தான்."

தாழை மரங்களுக்கு நடுவில் புகை எழுந்தது. அங்கே ஒரு நடுத்தர வயதுப் பெண் தலைக்கு வாழையிலை கவிழ்த்துக்கொண்டு, தீக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் பாசியில் ஒரு ஓட்டை. கரிய ஓட்டை.

அவள் பெயர் கிரானு. பக்கத்துக் குலத்துக்காரி. தின்கிற தாழங்கொட்டை பழுக்கிற காலமாதலால் தன் தாழை மரங்களுக்குக் காவல் இருக்கக் குடிசைக்கு வந்தவள். இருட்டுகிற நேரத்தில் பூமிக்குள்ளிருந்து ஒருவன் பாடுவதைக் கேட்டிருக்கிறாள்.

"மொதல்ல பேயின்னு நெனச்சேன்" என்றாள். "பேயி இவ்வளவு மோசமாப் பாடாதுன்னு அப்புறம் கிட்ட வந்தேன். தூக்கிவிட என்னால ஆகுமா? கொடியில கட்டி சுட்ட கிழங்கு எறக்கினேன். என் போர்வையப் போட்டேன். தூங்கிடாதடா, தூங்குனா குளிர்ல போயிருவன்னு பேசிக்கிட்டே இருந்தேன். அவன் பேசுனதுதான் ஜாஸ்தி."

ரிம்பு தீயைப் பார்த்தான். அதில் எரிந்துகொண்டிருந்தவை சிவப்பு மை தடவிய கட்டைகள்.

"உங்க முளைங்கதான்" என்றாள் அவள், கூச்சமில்லாமல். "என் மரத்து நடுவுல ரோடு போடப் போறீங்கன்னு பிடுங்கிட்டேன். பிடுங்கினது தப்புன்னு ராத்திரிதான் தெரிஞ்சுது. ஆனா நல்லா எரியுது." கொஞ்ச நேரம் தீயைக் கிளறினாள். பிறகு கேட்டாள்: "இவனோட தலைவன் யாரு?"

"நான்தான்."

"ஆள் ஒன்னு கொறையுதுன்னு உனக்குத் தெரியலையா?"

திட்டுகிற குரலில் அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரிம்பு கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். நனைந்த முடிச்சு அவிழவில்லை. வாபியா வாங்கி அவிழ்த்தான்.

வாபியாவும் ரிம்புவும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, ரொபாசியைப் பலகையோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆனால் அவன் ரொபாசிதான்.

"மச்சான், கம்பு கிடைச்சுதா?" என்றான்.

ரிம்பு அவன் முகத்து மண்ணைத் துடைத்தான். "உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்" என்றான்.

ரொபாசி அவனை ஒரு கணம் பார்த்தான். "அப்படியா? காதுல தண்ணி ரொம்பியிருந்துச்சு. எனக்கு ஒன்னும் கேக்கல" என்றான்.

எலியாப்பின் ரேடியோ அதற்குள் உயிர்பெற்றிருந்தது. ஹேகனும் கிடைத்தது. ஒரு ஆள் பொந்தில் விழுந்து கால் ஒடிந்துவிட்டது, ஹெலிகாப்டர் வேண்டும் என்று ரிம்பு சொன்னான்.

"நேத்து எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னியே?" என்றாள் ஹெனாவோ.

தரையில் கிடந்த ரொபாசி கழுத்தை எக்கினான். "வந்துட்டேன் அக்கா, வந்துட்டேன்" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினான். "காலையில ஒதுங்கப் போனேன். பாதையப் பாக்காமக் கால வச்சுட்டேன். எம்மேலதான் தப்பு."

கிரானு வாயைத் திறந்தாள். ரொபாசி அவளைப் பார்த்துத் தலையசைத்ததும் மூடிக்கொண்டாள். ரிம்புவின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. மச்சான் தன் ஒடிந்த காலோடு ஒரு பாயை விரித்து, வந்து உட்காருங்கள் என்கிறான். உட்கார்ந்தால் போதும். வேலை இருக்கும். தலைமை இருக்கும். மனைவி பயானுவின் முகத்தைப் பார்க்கலாம்.

"சரி, கேட்டுக்கிட்டேன்" என்றாள் ஹெனாவோ. "இங்க டாக்டர் ஐயா பக்கத்துல இருக்கார். காலையிலதான் அடிபட்டுதான்னு கேக்கறார். எவ்வளவு நேரமா குளிர்ல கிடக்கார்னு சரியாச் சொல்லணுமாம். அதப் பொறுத்துத்தான் மருந்து குடுப்பாராம்."

ரிம்பு ரொபாசியின் வெளுத்த உதட்டைப் பார்த்தான். இந்த உயிரை ஒரு பொய்யால் இரவெல்லாம் பொந்தில் போட்டாயிற்று. இன்னொரு பொய்யால் இப்போது மருந்தையும் தப்பாகக் கொடுக்கவைப்பதா?

"நேத்து சாயங்காலத்துலேருந்து" என்றான். "ராத்திரி பூரா ஈரத்துல கிடந்திருக்கான். எல்லாரும் வந்தாச்சுன்னு நான் சொன்னது பொய். அவன் வரலன்னு எனக்குத் தெரியும். தனியா அனுப்பினதும் நான்தான். வாபியா கூடப் போறேன்னான், நான் விடல."

ரேடியோ இரைச்சலுக்கு நடுவில் எலியாப் "கர்த்தரே" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

"விரல் அசையுதா பாரு" என்றாள் ஹெனாவோ. குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. "ஈரத் துணியெல்லாம் கழட்டிக் காஞ்ச போர்வை சுத்து. காலைத் தேய்க்காத. இனிமே நீ அங்க தலைவன் இல்ல, ரேடியோவ வாபியாகிட்ட குடு. மத்தத நீ இங்க வந்தப்புறம் பேசிக்கலாம்."

ரிம்பு ரேடியோவைக் கொடுத்தான். பிறகு குனிந்து ரொபாசியின் ஈரச் சட்டையைக் கழற்றினான். தன் சட்டையைப் போட்டுவிட்டான். போர்வையைச் சுற்றினான். விரல்களைத் தொட்டுப் பார்த்தான். அசைந்தன.

"அடிபட்ட வலியோட கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னேன்" என்றான் ரொபாசி. "இப்படி வீணாக்கிட்டீங்களே மச்சான்."

"அந்தப் பொய்ல நான் படுத்துத் தூங்க முடியாதுடா."

ரொபாசி சிரிக்க முயன்றான். அது பாதியிலேயே நின்றது. முகத்தை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான். "நேத்து இருட்டினப்ப" என்றான், யாருக்கோ சொல்வதுபோல, "எலியாப் ஊர் ஆளுங்க தீப்பந்தம் வரும் வரும்னு மேலேயே பாத்துக்கிட்டிருந்தேன். ஓட்டை வழியா மழைதான் வந்துச்சு. உங்களுக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டேன்."

உங்களுக்கு என்ன ஆச்சோ என்றானே தவிர, என்னை ஏன் விட்டீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரிம்பு ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அடி வாங்குவதைவிட இது கடினமாக இருந்தது.

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கிரானு சாம்பலைக் கிளறி ஒரு கிழங்கை வெளியே உருட்டினாள். இலையில் சுற்றி ரிம்புவின் கையில் வைத்தாள். "அவனுக்குக் குடு. போற வழியில பசிக்கும்."

ரிம்பு தயங்கினான். அந்த மலையில் ஒருவன் இன்னொருவனுக்குத் தீங்கு செய்துவிட்டால், பட்டவன் செய்தவன் கையால் எதையும் வாங்கித் தின்னமாட்டான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பன்றி அடித்துச் சமாதானம் ஆனபிறகுதான் வாங்குவான். அது கிரானுவுக்கும் தெரியும். அவள் கிழங்கைத் தானே நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிம்பு முழங்காலிட்டுக் கிழங்கை நீட்டினான். மச்சான் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த உறவுச் சொல்லைச் சொல்லக்கூட அவனுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ரொபாசி கிழங்கைப் பார்த்தான். அவன் கையைப் பார்த்தான். மரங்களின் உச்சி காற்றில் குனிந்து ஆடத் தொடங்கியது.

"வாய் கசக்குது" என்றான். "இப்ப இறங்காது."

ரிம்புவின் கை தாழ்ந்தது. ரொபாசி அந்தக் கையிலிருந்து கிழங்கை எடுத்துச் சட்டைக்குள், மார்புக்கு நேரே வைத்துக்கொண்டான்.

"சூடா இருக்கு" என்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

ஆட்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு நடந்தார்கள். கால் பக்கம் ரிம்பு பிடித்துக்கொண்டான். ஏற்றிவிட்டு விலகினார்கள். ஹெலிகாப்டர் எழும்பிச் சரிவுக்கு அப்பால் மறைந்தது. சத்தம் கொஞ்சநேரம் மலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழங்கை ரொபாசி தின்றானா, மார்போடு வைத்து ஆறவிட்டானா, ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்து எறிந்தார்களா, ரிம்புவுக்குத் தெரியாது. சூடு போவதற்குள் அவன் ஒரு வாயாவது தின்றிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அதற்குமேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சட்டையில்லாத உடம்பில் இலைகளிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் வழிய, ஊரிலிருக்கும் பயானுவுக்கு வேறு யாரும் சொல்லுமுன் தான் போய்ச் சொல்லவேண்டும் என்று மலையை இறங்கத் தொடங்கினான்.